தம்பி கேட்ட ஊர்க் கதை

அன்புள்ள பாப்பாவுக்கு,

பள்ளிக்கூடத்தில் குடும்பத்தின் பூர்வீக ஊரைப் பற்றி எழுதி வரச் சொன்னார்கள் என்று தம்பி வாட்ஸாப்பில் பேசி அனுப்பியதை நாலு தடவை கேட்டேன். "ஆயா, உங்க ஊர் இப்போ எங்க இருக்கு?" என்கிறான். அவன் குரலைத் தவிர வீட்டில் வேறு சத்தமே இல்லை. டிவி கூட ஓடவில்லை. போனில் சொன்னால் பாதியில் "அப்புறம் பேசறேம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். அவனுக்குப் படித்துக் காட்டு. வேளைக்குச் சாப்பிடு.

1930-களில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டும்போது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. வேறு ஒருவராக இருந்தால் கிணற்றை மூடிவிட்டு வேறு இடம் பார்த்திருப்பார். அவர் அரசாங்கத்துக்குத் தெரியப்படுத்தினார், பிறகு தன் நிலத்தையே கொடுத்தார். 1957 மே 20-ம் தேதி நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். காமராஜர்தான் அப்போது முதலமைச்சர். நான் எங்கம்மா வயிற்றில். உன் தாத்தா கூட்டத்தோடு நடந்தே போய்ப் பார்த்துவிட்டு வந்தாராம். நாலு வருஷம் மண்ணை வாரிக் கொட்டியபின், 1961 ஆகஸ்டில்தான் கரி கண்ணில் பட்டது. அடுத்த வருஷம் அனல்மின் நிலையம் ஓடியது. ரஷ்யாக்காரர்கள் உதவி செய்தார்கள்.

பழுப்பு நிலக்கரி கல் மாதிரி இருக்காது என்று தம்பிக்குச் சொல். கையில் எடுத்தால் ஈரம் தட்டும். உடைத்தால் சில துண்டில் மரத்தின் நார் தெரியும். உங்கப்பா டிபன் கேரியரில் வைத்து ஒரு துண்டு கொண்டுவந்தாரே, நினைவிருக்கிறதா? நீ அதைத் திண்ணையில் வெயிலில் வைத்தாய். சாயங்காலத்துக்குள் வெடித்துப் பொடியாகிவிட்டது என்று அழுதாய்.

கரிக்குக் கீழே தண்ணீர், அழுத்தத்தோடு மேலே முட்டிக்கொண்டே இருக்கும். சுற்றிலும் கிணறு போட்டு இரவு பகலாக இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு வந்துவிடும். உங்கப்பா வேலை அந்தப் பம்புகளோடுதான். தீபாவளி பொங்கல் என்று நிறுத்த முடியாத வேலை. அதனால்தான் மூன்று ஷிஃப்ட்.

நம்ம ஊர் அந்தப் பள்ளத்துக்குள் போய்விட்டது. முந்திரித் தோப்பு, ஏரிக்கரை, எல்லாம். தாத்தா நிலைக்கதவை மட்டும் பெயர்த்து மாட்டு வண்டியில் ஏற்றினார். சித்தப்பா வீட்டில் நீ தலையை இடித்துக்கொள்வாயே, அந்தக் கதவு. மந்தாரக்குப்பத்தில் வாடகைக்கு இருந்து, பிறகு கல்யாணமாகி நான் டவுன்ஷிப்புக்குப் போனேன். அங்கே யாரும் எந்த ஊர் என்று கேட்கமாட்டார்கள், எந்த வட்டம், அதாவது எந்த பிளாக், என்றுதான் கேட்பார்கள். உனக்கு அந்த வட்டம்தான் ஊர். 2004-ல் நம்ம பக்கத்து வீராணம் தண்ணீர் சென்னைக்கு வந்தது, ரெண்டு வருஷம் கழித்து நானும் வந்தேன்.

உனக்குப் பதவி உயர்வு என்று அத்தை சொல்லித்தான் தெரிந்தது. தெருவில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். நீ எனக்கல்லவா முதலில் சொல்லியிருக்க வேண்டும்? போன மாதம் ரெண்டு தடவைதான் பேசினாய். மாப்பிள்ளையைக் கேட்டால் ரெண்டு தடவையும் "நைட் ஷிஃப்ட்ம்மா" என்றாய். பொங்கலுக்கும் அதையேதான் சொன்னாய். அவர் உடம்புக்கு ஒன்றும் இல்லையே? நீ சாப்பிடுகிறாயா?

பாப்பா, உனக்கு எட்டு வயதில் உங்கப்பா பதினோரு மாதம் வீட்டுக்கு வரவில்லை. விருத்தாசலத்தில் இருந்தார். யாரோடு என்று நீயும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. பக்கத்து வீட்டில், ரேஷன் கடையில், எங்கம்மாவிடம், எல்லோரிடமும் நைட் ஷிஃப்ட் என்றுதான் சொன்னேன். உன் ஆயா, அதான் எங்கம்மா, ஊரிலிருந்து வந்தபோது, "அப்பா தூங்கறார்னு சொல்லு" என்று உன்னை வாசலுக்கு அனுப்பினேன். உள் அறைக் கதவைச் சாத்தி, அவர் செருப்பை எடுத்து வாசலில் வைத்தேன். நீ ஆயாவைப் பார்த்து "சத்தம் போடாதீங்க, அப்பா தூங்கறாங்க" என்று விரலை உதட்டில் வைத்துச் சொன்னாய். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வை இன்னும் என்னை விடவில்லை. மானம் போகக் கூடாது என்று குழந்தையைப் பொய் சொல்ல வைத்தேன். அவர் திரும்பி வந்தபிறகும் உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாவி நான். தப்பு என்னுடையதுதான், உங்கப்பா மேல் போட்டுத் தப்பிக்க மாட்டேன்.

நான் எதுவும் கேட்கவில்லை. நீ சொல்லவும் வேண்டாம். என்னிடம் மட்டும் நைட் ஷிஃப்ட் என்று சொல்லாதே.

பாஸ்போர்ட் புதுப்பித்து வந்துவிட்டது. விசா வாங்க என்ன காகிதம் வேண்டும் என்று கீழ் வீட்டுப் பையனிடம் கேட்டிருக்கிறேன். நீ வருவதானாலும் சரி, பின் அறையைக் காலி செய்துவிட்டேன். தம்பிக்கு ஜன்னல் பக்கம் கட்டில் போட்டிருக்கிறது. பண்ருட்டியிலிருந்து முந்திரி வந்திருக்கிறது, வறுக்காமல் வைத்திருக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு.

அம்மா
வேளச்சேரி