கேலப்பிலிருந்து அப்பாவுக்கு

கேலப், நியூ மெக்சிகோ

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் நலமும் அம்மா, செல்வி நலமும் அறிய ஆவல். உங்கள் கடிதம் கிடைத்தது. இந்த ஊர் வெள்ளி நகைகளில் பதித்திருக்கும் நீலக் கல் எங்கிருந்து வருகிறது, அசல்தானா என்று கேட்டிருந்தீர்கள். அடுத்த வீட்டில் இருக்கும், நவாஹோ என்ற அமெரிக்கப் பழங்குடியைச் சேர்ந்த பெரியவர் வெள்ளி வேலை செய்பவர். யாரோடும் அதிகம் பேசாத அவர், நான் பத்தர் மகன் என்று தெரிந்ததிலிருந்து தம் பட்டறையில் எனக்கென்று ஒரு முக்காலி போட்டு வைத்திருக்கிறார். பள்ளிக்கூடம் விட்டதும் அங்கேதான் போய் உட்காருகிறேன்.

அது டர்க்காய்ஸ் கல். வறண்ட நிலத்தில், செம்புத் தாது உள்ள பாறையின் வெடிப்புகளில் நீர் கசிந்து இறங்கி உருவாவது. செம்பினால் நீலம், இரும்பு சேர்ந்தால் பச்சை. அதனால் செம்புச் சுரங்கங்களை ஒட்டியே பல இடங்களில் கிடைக்கிறது. அரிசோனாவின் பிஸ்பி கல்லில் பழுப்பு நரம்பு ஓடும். குளோப் ஊருக்கு அருகே ஸ்லீப்பிங் பியூட்டி சுரங்கத்துக் கல் பெரும்பாலும் நரம்பே இல்லாத தெளிந்த நீலம். 2012இல் அங்கே கல் எடுப்பது நின்றபின் அதன் விலை ஏறிவிட்டது. இந்த மாநிலத்திலேயே செரில்லோஸ் குன்றுகளில், ஸ்பானியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பியூப்லோ பழங்குடி மக்கள் கற்கருவிகளால் இதை வெட்டியெடுத்திருக்கிறார்கள்.

வெள்ளி வேலை நவாஹோ மக்களிடம் பிறகுதான் வந்தது. அட்சிடி சானி என்பவர் மெக்சிகோக் கொல்லர் ஒருவரிடம் இரும்பு வேலை கற்று, பின்னர் வெள்ளிக்கு வந்தார். 1864இல் அமெரிக்கப் படை இம்மக்களை நூற்றுக்கணக்கான மைல் நடத்திக் கொண்டுபோய் அடைத்துவைத்தது. 1868இல் ஊர் திரும்பிய பிறகே இத்தொழில் பரவியது. நாணயங்களை உருக்கித்தான் அப்போது நகை செய்தார்கள்; கல் பதிப்பது 1880க்குப் பிறகு பெருகியது.

நேற்று பெரியவர் ஒரு மோதிரம் செய்தார். கல்லைக் குச்சி நுனியில் அரக்கால் ஒட்டி, நீர் சொட்டச் சொட்டச் சாணையில் தேய்த்தார். மெல்லிய வெள்ளிப் பட்டையை வளைத்து, அடித்தகட்டின்மேல் பற்றவைக்கும் பொடி வைத்து ஊதி, கல்லை உள்ளே இறக்கி விளிம்பை மடக்கினார். நாம் அரக்கு நிரப்பும் இடத்தில் அவர் மரத்தூள் வைக்கிறார். அது கல்லுக்கு மெத்தையாகி, அடிபட்டாலும் வெடிக்காமல் காக்குமாம். வெண்காரம் சூடேறிப் பொங்கியபோது, உமி ஓட்டின் முன் ஊதுகுழலோடு நீங்கள் குனிந்திருப்பது கண்முன் வந்துவிட்டது. அதற்குமேல் உட்கார முடியாமல் எழுந்து பனியில் வந்து நின்றேன்.

எல்லாம் அசல் அல்ல, அப்பா. மிருதுவான கல்லில் பிசின் ஏற்றிக் கெட்டியாக்குகிறார்கள். சொல்லி விற்றால் அதில் தவறில்லை. ஹௌலைட் என்ற வெள்ளைக் கல்லுக்குச் சாயமேற்றி விற்பதுதான் அநியாயம். வெளிநாட்டில் செய்ததை நவாஹோ வேலை என்று விற்பது 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், ஆனாலும் நடக்கிறது. கைவேலைக்காரரின் கூலியைப் பொய் சொல்லிப் பறிப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

குளிருக்கு வேண்டிய துணிமணி இருக்கிறது, ரசம் வைத்துச் சாப்பிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். இந்த மாதப் பணம் சற்றுத் தாமதமாக வரும். ஹீட்டர் செலவு கூடியதுதான் காரணம், வேறு ஒன்றுமில்லை. பட்டறையைப் பெரியப்பா பெயருக்கு மாற்றும் பேச்சுக்கு இப்போது சம்மதிக்க வேண்டாம். வில்லங்கச் சான்று எடுத்து நகல் அனுப்புங்கள். செல்வியின் தோட்டைக் கடையில் வாங்காமல் நீங்களே செய்துவிடுங்கள். மாப்பிள்ளை வீட்டார் தையில் முகூர்த்தம் கேட்டால், பள்ளி விடுமுறையில் நான் வரும்படி வைகாசிக்குத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அன்பு மகன்,
குமார்