புயல் நிவாரணம் ஒரு வாரத்தோடு முடிகிற வேலை இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நவம்பர், டிசம்பர் மாதங்களில் வங்காள விரிகுடாவில் காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தி வந்தாலே இங்கு பல வீடுகளில் தூக்கம் போய்விடும். தஞ்சாவூர், நாகப்பட்டினம், புதுக்கோட்டைப் பக்கம் சொந்தபந்தம் உள்ள குடும்பங்கள் சிங்கப்பூரில் ஏராளம். புயல் அடித்த மறுநாளே வாட்ஸ்அப்பில் பணம் சேர்க்கத் தொடங்கிவிடுகிறோம். நல்ல மனசுதான். ஆனால் அந்தப் பணம் எதற்கு, எப்போது போய்ச் சேர வேண்டும் என்பதை நாம் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

நான் பிறந்த ஊர் பேராவூரணிக்குப் பக்கம். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. அண்ணனுடைய தென்னந்தோப்பில் பாதிக்கு மேல் போய்விட்டது. சில மரங்கள் வேரோடு சாய்ந்தன, சில நடுவில் முறிந்தன. நின்ற மரங்களைப் பார்த்து இதாவது மிஞ்சியதே என்று மனதைத் தேற்றிக்கொண்டார்கள். காற்று திருகிய திருகில் அவற்றுக்கும் குருத்து சேதமாகியிருந்தது. அடுத்த சில மாதங்களில் மட்டைகள் ஒவ்வொன்றாகத் தொங்கி, அவற்றிலும் பல பட்டுப்போயின.

நாங்கள் இங்கிருந்து அரிசி, போர்வை, தார்ப்பாய்க்குப் பணம் அனுப்பினோம். மின்சாரம் வரவே வாரக்கணக்கில் ஆனதால் அதுவும் தேவையாகத்தான் இருந்தது. ஆனால் அண்ணன் கேட்டது மரம் அறுக்கும் இயந்திரம், ஜேசிபி வாடகை, ஆள் கூலி. விழுந்த மரத்தை அப்படியே மட்க விட்டால் காண்டாமிருக வண்டு அதில் முட்டையிட்டுப் பெருகும். அப்புறம் புதிதாக வைத்த தென்னம்பிள்ளையின் குருத்தையே குடைந்துவிடும். விழுந்த மரம் ஒன்றுக்கு 600 ரூபாய், அதை வெட்டி அகற்ற 500 ரூபாய் என்று அரசு அறிவித்தது. நெட்டை ரகத் தென்னை காய்க்க ஆறேழு வருடம் பிடிக்கும். அதுவரை ஊடுபயிராக உளுந்தும் வாழையும் போட்டார்கள். அதற்குள் 2020இல் நிவர் புயலும் அதன் பின்னாலேயே புரெவியும் மழையைக் கொட்டித் தீர்த்தன.

தென்னம்பிள்ளை காய்க்கும்வரை காத்திருக்க முடியாமல் அண்ணன் மகன் இங்கே கட்டுமான வேலைக்கு வந்துவிட்டான். ஏஜெண்டுக்குக் கட்டிய பணமும் கடன்தான். அவன் விடுதியில் பட்டுக்கோட்டை, ஒரத்தநாட்டுப் பையன்களும் இருக்கிறார்கள். எல்லாரும் தோப்பு வைத்திருந்த வீட்டுப் பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் பார்க்கும்போது இன்னும் தோப்பைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

கடற்கரை ஊர்களில் நிலைமை இன்னும் மோசம். மல்லிப்பட்டினத்தில் கட்டிவைத்த படகுகளே கஜாவில் நொறுங்கின. ஏற்கெனவே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அதற்கு மேல் ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் படகு கரையில் நிற்கிறது, அந்த நாளுக்கு வருமானம் இல்லை. வேதாரண்யத்தில் கடல் சேறு உப்பளங்களை மூடியது. உப்பு ஏறிய வயலை ஒரே மழை சரிசெய்துவிடாது. ஜிப்சம் போட்டு, நல்ல தண்ணீர் கட்டி, திரும்பத் திரும்ப வடிக்க வேண்டும். நெல்லின் கதை தனி: அறுவடை நேரத்தில் மழை பிடித்தால் ஈரப்பதம் கொள்முதல் வரம்பான 17 சதவீதத்தைத் தாண்டிவிடும், கொள்முதல் நிலையத்தில் மூட்டையோடு காத்துக் கிடக்க வேண்டும்.

கடல் சூடாகச் சூடாகப் புயல் சீக்கிரம் வலுக்கிறது. கடல் மட்டம் உயர உயர உப்புத் தண்ணீர் இன்னும் உள்ளே வருகிறது. ஆகவே இது ஒரு தடவையோடு போகிற கஷ்டம் இல்லை. சிங்கப்பூரில் நாம் இதைப் புரிந்து நடக்கிறோம். 2100க்குள் கடல் மட்டம் 1.15 மீட்டர் வரை உயரலாம் என்று கணித்து, ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைக்கு அப்பால் கடலை நிரப்பி லாங் ஐலண்ட் என்ற நிலப்பகுதியை அமைப்பதற்கு இப்போதே ஆய்வு நடக்கிறது. கடலோரப் பாதுகாப்புப் பொறுப்பை 2020இல் தண்ணீர் நிர்வாகத்தைக் கவனிக்கும் பொதுப் பயனீட்டுக் கழகத்திடம் ஒப்படைத்தார்கள். இவ்வளவு தூரம் யோசிக்கிற ஊரில் இருந்துகொண்டு, சொந்த ஊருக்கு உதவும்போது மட்டும் ஒரு வாரத்தோடு நிறுத்திக்கொள்கிறோமே என்பதுதான் என் ஆதங்கம்.

நிதி திரட்டும் நம் சமூக அமைப்புகளுக்கு ஒரு வேண்டுகோள். வரும் தொகையில் பாதியை மட்டும் உடனடி நிவாரணத்துக்குக் கொடுங்கள். மீதியை மரம் அகற்ற, தென்னம்பிள்ளை வாங்க, படகு எஞ்சின் பழுதுபார்க்க, நிலத்தில் உப்பை இறக்க என்று அடுத்த இரண்டு மூன்று வருடங்களுக்குப் பிரித்துக் கொடுங்கள். வெளிநாட்டு உதவிக்குப் பொதுமக்களிடம் நிதி திரட்ட அறநிறுவனங்களுக்கான ஆணையரின் அனுமதி தேவை என்பதால், அனுமதி கேட்கும்போதே இந்தத் திட்டத்தையும் எழுதிச் சேர்த்துவிடலாம்.

எங்கள் குடும்பத்தில் அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லாருமாக மாதம் ஆளுக்கு 20 வெள்ளி தனியாகப் போட்டு வருகிறோம். புயல் இல்லாத மாதத்திலும் போடுகிறோம். போன முறை அந்தப் பணத்தில் பக்கத்துத் தோப்புக்காரருக்கும் சேர்த்துத் தென்னம்பிள்ளை வாங்கிக் கொடுத்தோம்.

உங்கள் நாளிதழிடமும் ஒன்று கேட்கிறேன். புயல் அடித்த அன்று ஓர் ஊரைப் பற்றிச் செய்தி போட்டால், அடுத்த வருடம் அதே மாதத்தில் அதே ஊருக்கு நிருபரை அனுப்பி, என்ன ஆனது என்று எழுதுங்கள்.

வாசகி,
ஈசூன்