தியலுமவுக்குத் தனியாகப் போகிற அக்காவுக்கு

அக்கா,

ஜனவரியில் நீ தனியாக இலங்கைக்குப் போகிறாய், அதுவும் தியலும அருவியின் மேல் தடாகங்கள் வரை ஏறப் போகிறாய் என்பது அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அம்மாவிடமே டிக்கெட் போட்ட பிறகுதான் சொல்லியிருக்கிறாய். என்னிடம் அதுவும் இல்லை. போன் செய்தால் எடுக்க மாட்டாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் நீல டிக் விழும், பதில் வராது. நான் இங்கே எழுதுவதை மட்டும் நீ விடாமல் படிக்கிறாய் என்று தெரியும். அதனால் இங்கேயே எழுதுகிறேன். சொந்தக்காரர்களும் படிப்பார்கள், மாமாவும் படிக்கலாம். உன் வீட்டு விஷயம் எதையும் இதில் தொடப் போவதில்லை. யாரும் எதையும் துருவித் தேட வேண்டாம்.

போகாதே என்று சொல்ல வரவில்லை. மாதத்தைச் சரியாகத்தான் பார்த்திருக்கிறாய். வடகிழக்குப் பருவமழையில் ஊவா மாகாணத்து மலைகள் நன்றாக நனைந்திருக்கும், அருவியில் தண்ணீர் இருக்கும். தென்மேற்கு மழை மலைக்கு அந்தப் பக்கம் கொட்டித் தீர்த்துவிடும், இந்தப் பக்கம் வெறும் காற்றுதான் வரும். ஆகஸ்டில் போனால் 220 மீட்டர் உயரத்துக்குப் பாறையைத்தான் அதிகம் பார்க்க வேண்டியிருக்கும்.

ஆனால் போன தடவை அம்மாவோடு நாம் போனபோது தங்கிய மாதிரி, இந்தத் தடவையும் எல்ல ஊரில் தங்காதே. அங்கிருந்து வெல்லவாய வரை இறங்குகிற சாலை அழகுதான், மறுக்கவில்லை. இராவணா அருவியில் குரங்குக்குப் பயந்து அம்மா கைப்பையைப் புடவைக்குள் ஒளித்துக்கொண்டதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஆனால் அங்கே நின்று, இங்கே நின்று, வெல்லவாய வெயிலில் இறங்கி, மறுபடி கொஸ்லந்தைக்கு ஏறி, நாம் நடக்க ஆரம்பித்தபோதே மதியம் தாண்டிவிட்டது. அன்று நடந்தது எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். நீ அப்படி நினைக்கவில்லை.

அந்த மானாப்புல் உனக்கு நினைவிருக்கும். ஆள் உயரத்துக்கு நின்றது. விலக்கும்போதெல்லாம் எலுமிச்சை வாசனை வந்தது, கையில் மெல்லிய கீறலும் விழுந்தது. நான் முழுக்கைச் சட்டை போட்டிருந்தேன். உனக்கு முழங்கை வரை சிவப்புச் சிவப்பாகக் கோடுகள். மேலே வந்ததும் நீ யாரையும் பார்க்காமல் முதல் தடாகத்தில் இறங்கி உட்கார்ந்தாய். இரண்டு கைகளையும் தண்ணீருக்குள் விட்டு, "எரியுதுடா, ஆனா நல்லா இருக்கு" என்றாய். துப்பட்டா நனைந்து உன்னைச் சுற்றி மிதந்தது. அதைப் பிடித்து இழுத்துக்கொள்ளக்கூட இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு உன்னை அப்படி நான் பார்த்ததே கிடையாது. படியில் ஏறும்போதுகூட முந்தானையைச் சரி செய்கிறவள் நீ.

அப்புறம், என்னைப் பார்க்காமலேயே சொன்னாய். "இப்படியே இங்கேயே இருந்துட்டா என்னடா?"

நான் சொன்னது: "எழுந்திருக்கா, மேகம் இறங்குது. வேன் காத்திட்டிருக்கு."

இவ்வளவுதான் நடந்தது. இதைத்தான் நீ தீபாவளி அன்று போனில் என் மேல் எறிந்தாய். நான் மேகத்தைப் பார்த்தேனாம், உன்னைப் பார்க்கவில்லையாம்.

சரி, மேகத்தைப் பற்றிச் சொல்கிறேன். நீ அருவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாய், நான் மலையைப் பார்த்து நின்றேன். பூனாகலைப் பக்கம் கறுத்துவிட்டிருந்தது. தியலுமவுக்கு வருகிற தண்ணீர் அந்தப் பக்கத்து ஓயாவிலிருந்துதான், அதாவது சிற்றாற்றிலிருந்துதான் வருகிறது. நாம் நிற்கும் இடத்தில் ஒரு சொட்டுக்கூட விழாமல், மேலே பெய்த மழை ஒரேயடியாக வந்து சேரும். தெளிவாக ஓடிய தண்ணீர் கலங்கும், சருகும் குச்சியும் மிதந்து வரும், சத்தம் மாறும். அதற்குப் பிறகு எழுந்தால் நேரம் போதாது. தடாகங்கள் ஒன்றுக்குக் கீழே ஒன்றாக இருக்கின்றன, கடைசித் தடாகத்துக்குக் கீழே எதுவுமே இல்லை. உன் காலடியில் ஒரு சருகு வந்து பாறையில் ஒட்டியது. அதைத்தான் நான் பார்த்தேன். நீ சொன்னது காதில் விழுந்தது. விழவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சருகுக்குப் பிறகு எனக்கு வேறு எதுவும் மண்டையில் ஏறவில்லை.

வரும் வழியில் டிரைவர் அண்ணன் மீரியபெத்தையைப் பற்றிச் சொன்னபோது நீ தூங்கிக்கொண்டிருந்தாய். 2014 அக்டோபர் 29ஆம் தேதி காலையில் கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களை அப்படியே மூடிவிட்டது. அவர் அதிகம் பேசவில்லை, வண்டியை மட்டும் கொஞ்சம் மெதுவாக ஓட்டினார். அதைக் கேட்டுவிட்டு வந்தவன் அந்த மலையில் மேகத்தைப் பார்க்காமல் வேறு எதைப் பார்ப்பான்? இன்றைக்கு மறுபடியும் அதே இடத்தில் நின்றாலும் எழுந்திரு என்றுதான் சொல்வேன்.

எழுப்பியதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்க மாட்டேன். இறங்கி வந்த பிறகு பெரகலைச் சந்தி வரைக்கும் நீ ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாயே, அதற்காகக் கேட்கிறேன். பக்கத்தில் நான்தான் இருந்தேன். என்னக்கா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் பின்சீட்டில் அம்மா, முன்னால் டிரைவர். அவர்களை வைத்துக்கொண்டு என்ன கேட்பது? கேட்டிருந்தால்தான் நீ சொல்லியிருப்பாயா? சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். உனக்கு என்ன வேண்டும் என்று நேராகச் சொல்ல மாட்டாய், மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்காவிட்டால் வருஷக்கணக்கில் மனதில் வைத்திருப்பாய். எனக்கு அலுத்துவிட்டது அக்கா. உன் மேல் உயிரையே வைத்திருக்கிறேன், அதனால்தான் இந்த அலுப்பு இவ்வளவு கசக்கிறது.

அதற்குப் பிறகு நீ எடுத்த முடிவு எனக்குச் சரியாகத்தான் பட்டது. அன்றும் பட்டது. எல்லோர் முன்னாலும் அதை நான் சொல்லவில்லை என்பது உன் வருத்தம். இப்போது எல்லோர் முன்னாலும்தான் எழுதியிருக்கிறேன். இதற்கு மேல் இங்கே வேண்டாம்.

ஹப்புத்தளையில் தங்கு. அங்கிருந்து விடிந்ததும் கிளம்பினால் பெரகலைச் சந்தி வழியாக ஏ4 சாலையில் கொஸ்லந்தைக்குச் சீக்கிரம் போய்விடலாம். காலை வெயிலிலேயே நடையை ஆரம்பித்துவிடு, மதியத்துக்குள் கீழே வந்துவிடு. முழுக்கைச் சட்டை போட்டுக்கொள். செருப்பு வேண்டாம், நல்ல பிடிப்புள்ள ஷூ. பாசி படிந்த பாறை காய்ந்த மாதிரித்தான் தெரியும், கால் வைத்தால் வழுக்கும். மேலே இருக்கிற தடாகங்களில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்கார். விளிம்பில் இருக்கிற தடாகத்துக்கு மட்டும் போகாதே. போட்டோவுக்காகக்கூட வேண்டாம். முந்தின நாள் ராத்திரி பலமாகப் பெய்திருந்தால் அன்றைக்கு ஏறாதே. பதுளை மாவட்டத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை வந்திருக்கிறதா என்று தங்குகிற இடத்தில் கேள். மஞ்சள், அம்பர், சிவப்பு என்று நிறம் சொல்வார்கள். மஞ்சள் என்றாலும் ஹப்புத்தளையிலேயே இருந்துவிடு.

வழிகாட்டியாக அந்த ஊர்ப் பையன் யாரையாவது கூட்டிப் போ. அவன் எழுந்திரு என்றால் எழுந்துவிடு, கோபப்படாதே. திரும்பும் நேரத்தை டிரைவரிடம் சொல்லிவிட்டு ஏறு. எனக்குச் சொல்ல வேண்டும் என்று இல்லை. அம்மாவுக்குச் சொன்னால் போதும், நான் அவளிடம் கேட்டுக்கொள்கிறேன்.

உன் தம்பி