'அம்மா'வுக்கு 15 பைட்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்தது. பேரனோடு சேர்ந்து, ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை உலாவிக்கு வெளியே ஓட்டும் நோட் ஜேஎஸ் படிக்கிறாய் என்றதும் பொறாமையாகத்தான் இருந்தது. எனக்குக் கண்ணாடி பவர் ஏறிவிட்டது, மற்றபடி குறையில்லை.

சரி, உன் சந்தேகத்துக்கு வருகிறேன். கோப்பைப் படித்தால் 'பஃபர்' என்று தொடங்கி என்னவோ கொட்டுகிறது என்று எழுதியிருந்தாய். அது பிழையில்லை. எந்தக் குறியாக்கம், அதாவது எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறை, என்று நீ சொல்லாததால், கோப்பைப் படிக்கும் ரீட்ஃபைல் கட்டளை அந்த எண்களை, அதாவது பைட்டுகளை, அப்படியே அள்ளித் தருகிறது. கோப்பின் பெயருக்கு அடுத்து 'யூடிஎஃப்8' என்று கொடு, தமிழாகவே வரும். 'அம்மா' என்பது நமக்கு மூன்று எழுத்து. ஜாவாஸ்கிரிப்டில் நீளம் கேட்டால் 5 என்னும். புள்ளிக்கும் காலுக்கும் தனிக் கணக்கு. கோப்பிலோ அது 15 பைட். இதைக் கண்டுபிடித்த அன்று ஒரு மணி நேரம் வெவ்வேறு சொற்களைப் போட்டு எண்ணிக்கொண்டிருந்தேன், வேலை கெட்டது.

சில நேரம் கோப்பில் உள்ளதற்குப் பதில் 'பெண்டிங்' (இன்னும் முடியவில்லை) என்று வருகிறது என்றாயே, அதற்குக் காரணம், முடியும்வரை காத்திருக்கச் சொல்லும் அவெய்ட்டைப் போட மறந்திருப்பாய். படித்து முடிப்பதற்குள் அச்சிடச் சொன்னால் அது வேறென்ன காட்டும்? படித்து முடித்த பிறகே அடுத்த வரிக்குப் போகும் ரீட்ஃபைல்சிங்க் போட்டால் இந்தத் தொல்லை இல்லை. தனியாக ஓட்டும் சின்ன நிரலுக்கு அது போதும். பலருக்கும் பதில் சொல்லும் சர்வரில் மட்டும் வேண்டாம். ஒருவருக்காகக் கோப்பைப் படித்து முடிக்கும்வரை மற்ற எல்லோரும் காத்துக் கிடப்பார்கள்.

நான் அடிபட்டது எழுதும்போதுதான். தினமும் ஒரு வரி நாட்குறிப்பு சேர்க்க ஒரு நிரல் எழுதினேன். இரண்டு மாதம் கழித்துத் திறந்து பார்த்தால் ஒரே ஒரு வரி, முந்தைய நாள் எழுதியது! கோப்பில் எழுதும் ரைட்ஃபைல் கட்டளை பழையதைத் துடைத்துவிட்டுத்தான் எழுதும், கேட்கக்கூடச் செய்யாது. கடைசியில் சேர்க்க வேண்டுமென்றால் அப்பெண்ட்ஃபைல். அதுவும் வரியை முறிக்காது; முறிப்பை நீயேதான் சேர்க்க வேண்டும்.

அப்புறம், கண்ணெதிரே இருக்கும் கோப்பை 'இல்லை' என்று சாதித்தால் எழுத்துப்பிழையை மட்டும் தேடாதே. வெறும் பெயரைக் கொடுத்தால், நிரல் இருக்கும் ஃபோல்டரில் தேடாது. கட்டளைகளைத் தட்டும் டெர்மினலில் நீ எந்த ஃபோல்டரில் நின்று ஓட்டினாயோ அங்கேதான் தேடும்.

அடுத்த கடிதத்தோடு நிரலையும் அனுப்பு. எத்தனை இடத்தில் அவெய்ட்டை விட்டிருக்கிறாய் என்று எண்ணிச் சொல்கிறேன். பேரனிடம் முன்கூட்டியே காட்டித் திருத்தி அனுப்பக் கூடாது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்