முகவரி இல்லாத தகப்பன்மார்

அன்புள்ள சிதம்பரம்,

உன் கடிதமும், தம்பி சைகோனிலிருந்து அனுப்பிய மாரியம்மன் கோயில் படங்களும் வந்து சேர்ந்தன. பென் தான் சந்தைக்குப் பக்கத்தில் நம்ம ஊர்க் கோபுரத்தைப் பார்த்து வீட்டில் எல்லோருக்கும் ஆச்சரியம். சாமி கும்பிட்டு நிற்பவர்கள் பெரும்பாலும் வியட்நாம்காரர்கள்தான் போலிருக்கிறது. உன் ஐயா அங்கே வட்டித் தொழிலுக்காகக் கொண்டுவிற்கப் போன காலத்தில் அந்தப் பிரகாரம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஆச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போடச் சொல்.

இனி நீ கடைசியில் எழுதியிருந்த விஷயத்துக்கு வருகிறேன். தம்பிக்குக் கார் ஓட்டுகிறவர் ஐம்பது தாண்டியவர், சுருட்டை முடி, அப்பா யாரோ ஒரு அமெரிக்கக் கறுப்பினச் சிப்பாய், முழுப்பெயர்கூடத் தெரியாது என்று எழுதியிருந்தாய். "பேர்கூடத் தெரியாத ஒருத்தனோடு இருந்ததை எப்படிக் காதல் என்கிறது?" என்றும் கேட்டிருந்தாய். உன் மேல் கோபமில்லை, சிதம்பரம். ஆனால் அந்தக் கேள்வி அந்த அம்மாவுக்குச் செய்யும் அநியாயம். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

1969இல் வியட்நாமில் 5 லட்சத்து 40 ஆயிரம் அமெரிக்கச் சிப்பாய்கள் இருந்தார்கள். ஆளுக்குப் பெரும்பாலும் பன்னிரண்டு மாதத் தவணை. குண்டு விழுந்த கிராமங்களை விட்டு நகரத்துக்கு ஓடி வந்த பெண்கள், முகாம்களில் துணி துவைக்கவும் சமைக்கவும், மதுக்கடைகளில் பரிமாறவும் போனார்கள். எல்லாமே காதல் என்று நான் சாதிக்க வரவில்லை. காசுக்காக நடந்தது உண்டு, பலவந்தமும் உண்டு. ஆனால் வாடகைக்கு வீடு எடுத்து, ஒன்றாகச் சமைத்துச் சாப்பிட்டு, பிறக்கப் போகும் பிள்ளைக்குப் பேர் யோசித்து வாழ்ந்தவர்களும் இருந்தார்கள். கல்யாணம் செய்ய மேலதிகாரி அனுமதி வேண்டும், அதற்கு ஏகப்பட்ட காகிதங்கள் வேண்டும். தவணைக்குள் அதெல்லாம் கூடி வருவது அபூர்வம். படைக்கும் அதில் விருப்பமில்லை.

பேர் தெரியாததைப் பற்றி, ரயில்வே தபால் பிரிவில் வேலை பார்த்த ஆர்.எம்.எஸ்.காரனாகச் சொல்கிறேன், கேள். நம் ராணுவத்துக்கு வரும் கடிதங்களை 56 ஏ.பி.ஓ., 99 ஏ.பி.ஓ. என்று, அதாவது ராணுவத் தபால் நிலைய எண்படி, கட்டுக் கட்டாகப் பிரித்திருக்கிறேன். அந்த எண்ணை வைத்துப் படையைக் கண்டுபிடிக்கலாமே தவிர, அந்தப் பையனின் வீட்டைக் கண்டுபிடிக்க முடியாது. அமெரிக்கர்களுக்கும் அப்படித்தான்: பேர், படைப்பிரிவு, "ஏ.பி.ஓ. சான் பிரான்சிஸ்கோ", ஒரு எண். ஆள் ஊர் திரும்பியதும் அந்த முகவரி செத்துப்போகும். அவளுக்கு அவன் வெறும் 'ஜோ' அல்லது 'பாப்'. அவன் ஊரின் பேரை அவளால் உச்சரிக்கக்கூட முடிந்திருக்காது. எழுத நினைத்தாலும் எங்கே எழுதுவாள்?

தெரிந்து வைத்திருந்தவர்களும் அதைக் காப்பாற்ற முடியவில்லை. 1973 மார்ச்சில் கடைசிப் போர்ப்படைகள் கிளம்பிவிட்டன. 1975 ஏப்ரல் 30 அன்று வட வியட்நாமின் டாங்கிகள் சைகோனுக்குள் வந்தன. அமெரிக்கனுக்குப் பிள்ளை பெற்றவர்களைச் சும்மா விடமாட்டார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. அந்தப் பயத்தில் தாய்மார்கள் போட்டோக்களையும் கடிதங்களையும் அடுப்பில் போட்டு எரித்தார்கள். சிலர் பிள்ளையை அனாதை இல்லத்தில் விட்டார்கள். அந்த ஏப்ரலில் அனாதைகள் என்று சொல்லிக் குழந்தைகளை விமானங்களில் ஏற்றி அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். ஏப்ரல் 4 அன்று கிளம்பிய முதல் ராணுவ விமானம் விழுந்து 138 பேர் செத்தார்கள், அதில் 78 குழந்தைகள். போய்ச் சேர்ந்தவர்களிலும் எல்லோரும் அனாதைகள் அல்ல. பின்னால் தேடி வந்த தாய்மார்கள் உண்டு.

போகாமல் தங்கிவிட்ட பிள்ளைகளின் பாடு இன்னும் மோசம். பள்ளிக்கூடத்தில் கேலியும் அடியும். பலர் படிப்பை விட்டுத் தெருவில் சிகரெட் விற்றார்கள். கறுப்பினத் தகப்பனுக்குப் பிறந்தவர்களுக்கு ஏச்சு இரண்டு மடங்கு. தம்பியின் டிரைவர் சிரித்த முகமாக இருக்கிறார் என்று எழுதியிருந்தாயே, அந்தச் சிரிப்புக்கு வந்து சேர அவர் எதையெல்லாம் தாண்டியிருப்பார் என்றுதான் எனக்கு ஓடுகிறது.

அமெரிக்க அரசு என்ன செய்தது? இந்தக் குழந்தைகள் அரசாங்கத்தின் பொறுப்பு அல்ல என்று 1970இலேயே அவர்களின் பாதுகாப்புத் துறை சொல்லிவிட்டது. முன்னால் அங்கே ஆண்ட பிரான்சாவது, தன் சிப்பாய்களின் பிள்ளைகளை ஆயிரக்கணக்கில் தன் நாட்டுக்குக் கொண்டுபோனது. அதிலும் பலரைத் தாயிடமிருந்து பிரித்தே கொண்டுபோனார்கள். அதை நல்லது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

1987இல்தான் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. 1962 தொடக்கத்திலிருந்து 1975 முடிவு வரை பிறந்த இந்தப் பிள்ளைகள் குடும்பத்தோடு அங்கே குடியேறலாம். காகிதம் எதுவும் கையில் இல்லாததால் முகத்தையே சான்றாக எடுத்துக்கொண்டார்கள். எந்த மூக்குக்கும் முடிக்கும் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கினார்களோ, அதற்கே விசா கிடைத்தது! 20 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். கூடவே, பணம் வைத்திருந்தவர்கள் இந்தப் பிள்ளைகளுக்குக் காசு கொடுத்து "நாங்கள்தான் குடும்பம்" என்று ஒட்டிக்கொண்டு போய், இறங்கியதும் கைவிட்ட கதைகளும் உண்டு. அப்புறம் அதிகாரிகள் கெடுபிடியாக, உண்மையான பிள்ளைகள் பலரும் திருப்பி அனுப்பப்பட்டார்கள். போனவர்களில் தகப்பனைக் கண்டுபிடித்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் இருக்கலாம் என்கிறார்கள்.

கண்டுபிடித்தாலும் முடிந்துவிடவில்லை. 1969இல் சைகோனில் பிறந்த ஒருவரை, ஐந்து வயதில் அழைத்துப்போய் டெக்சாஸில் வளர்த்ததே அவருடைய அமெரிக்க அப்பாதான். பெரியவரானதும் அவர் பெரிய குற்றம் செய்தார், நாடு கடத்த உத்தரவாயிற்று. அப்பா மரபணுச் சோதனை செய்து, என் மகன்தான் என்று காட்டினார். பதினெட்டு வயதுக்குள் சட்டப்படி ஏற்றிருக்க வேண்டும், இப்போது செல்லாது என்று 2001இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. அம்மா அமெரிக்கராக இருந்திருந்தால் இந்தச் சிக்கலே எழுந்திருக்காது. குற்றத்துக்கு நான் பரிந்து பேசவில்லை. ஆனால் வளர்த்த அப்பா உயிரோடு வந்து நின்று சொல்லியும் போதவில்லை என்றால், கடிதத்தை எரித்த தாயின் பிள்ளை எதைக் கொண்டுபோய்க் காட்டும்?

அப்பாக்கள் எல்லோரையும் ஓடிப்போனவர்கள் என்று சொல்லவும் மனம் வரவில்லை. கர்ப்பம் என்று தெரியாமலே விமானம் ஏறியவர்கள் உண்டு. தெரிந்தும் மனைவியிடம் வாய் திறக்காமல் கிழவரானவர்கள் உண்டு. எண்பது வயதில் தேடத் தொடங்கியவர்களும் உண்டு. காதலா இல்லையா என்ற விசாரணையை மட்டும் ஏன் எப்போதும் அவளிடம் நடத்துகிறோம்? பிள்ளையை விடாமல் வளர்த்தவள் அவள்தானே. உன் கேள்விக்கு என் பதில் இவ்வளவுதான். ஏற்கவில்லை என்றால் தாராளமாகச் சண்டைக்கு வா.

ஒரு உதவி செய். அமெராசியன்ஸ் வித்தவுட் பார்டர்ஸ் என்று ஒரு அமைப்பு இருக்கிறது. இப்படிப் பிறந்து அமெரிக்கா போனவர்களே நடத்துவது. அங்கேயே தங்கிவிட்டவர்களுக்கு மரபணுச் சோதனை செய்ய உதவுகிறார்கள். கொஞ்சம் எச்சில் கொடுத்தால் போதும். தகப்பன் நேரில் அகப்படாவிட்டாலும், சித்தப்பா மகனோ அத்தை மகளோ ஏற்கெனவே சோதனை செய்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு போகலாம். தம்பி அந்த டிரைவரிடம் பக்குவமாகக் கேட்கட்டும். அவருக்கு விருப்பமில்லை என்றால் அதோடு விட்டுவிட வேண்டும். இத்தனை வருஷம் கழித்துத் தகப்பனைத் தெரிந்துகொள்ளத்தான் வேண்டுமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும், நாம் அல்ல.

இங்கே திருச்சியில் நல்ல மழை. பேத்திக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. பத்திரிகை அடித்ததும் அனுப்புகிறேன். நீயும் ஆச்சியும் இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடுங்கள்.

அன்புடன்,
ராமலிங்கம்