தேவையற்ற ரேம் விற்கப்பட்டது குறித்த புகார்

மதுரை,
ஜூன் 1995

அனுப்புநர்:
பொறுப்பாளர், கணிப்பொறித் தட்டச்சு மையம், மதுரை.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: விண்டோஸ் 3.1 கணிப்பொறியில் வேர்டு 6.0 பழுதைத் தவறாகக் கணித்தது – ரேமுக்குச் செலுத்திய தொகையைத் திரும்பக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்களிடம் வாங்கிய 486 கணிப்பொறியில் கல்லூரி மாணவர்களின் ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்து தருகிறோம். வேர்டில் சில ஆவணங்களை ஒருசேரத் திறந்தாலே நினைவகம் போதவில்லை என்ற அறிவிப்பு வந்ததால் தங்கள் சேவைப் பிரிவை அழைத்தோம். வந்த பொறியாளர், 4 எம்பி ரேமை 8 எம்பியாக உயர்த்தினால் சரியாகிவிடும் என்று உறுதி கூறினார். பெருந்தொகை கொடுத்து வாங்கிப் பொருத்திய பின்னும் அறிவிப்பு நிற்கவில்லை.

விண்டோஸின் முதன்மைச் சாளரமான புரோகிராம் மேனேஜரின் ஹெல்ப் மெனுவில் அபவுட் பகுதியைத் திறந்தால், நினைவக அளவுக்குக் கீழே சிஸ்டம் ரிசோர்சஸ் எவ்வளவு மீதமுள்ளது என்று விழுக்காட்டில் காட்டப்படுகிறது. அறிவிப்பு வரும் வேளைகளில் அது மிகவும் இறங்கியிருந்தது. திரையிலுள்ள சாளரங்கள், பொத்தான்கள், மெனுக்கள், எழுத்துருக்கள் ஆகியவற்றுக்கான விவரங்களை விண்டோஸ் 3.1 தன்னுள் உள்ள யூசர் (சாளரங்களையும் மெனுக்களையும் கவனிப்பது), ஜிடிஐ (எழுத்துருக்களையும் திரையில் வரைவதையும் கவனிப்பது) என்ற பகுதிகளுக்கென ஒதுக்கிய, 64 கேபிக்கு மேல் வளராத சிறு இடங்களில் வைத்துக்கொள்கிறது. அந்த விழுக்காடு காட்டுவது இவற்றில் மீதமுள்ள இடத்தைத்தான். ஆகவே எத்தனை எம்பி ரேம் சேர்த்தாலும் இந்த வரம்பு மாறுவதில்லை. சில நிரல்கள் மூடப்பட்ட பிறகும் தாம் எடுத்த இடத்தைத் திருப்பித் தருவதில்லை என்பதால், விண்டோஸைவிட்டு வெளியேறி மீண்டும் நுழைந்தால்தான் விழுக்காடு உயர்கிறது. தேவையற்ற டூல்பார்களை மறைத்து, விண்டோஸ் தொடங்கும்போதே தாமாகத் திறக்கும்படி ஸ்டார்ட்அப் குழுவிலிருந்த நிரல்களை நீக்கியதும் அறிவிப்பு வெகுவாகக் குறைந்துவிட்டது. இதற்கு ஒரு ரூபாயும் செலவாகவில்லை. கூடுதல் ரேமால் வேர்டு முன்னைவிட விரைவாகத் திறக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் நாங்கள் வேகத்துக்காகத் தங்களை அழைக்கவில்லை.

அடுத்து வந்த பொறியாளர் செய்தது இன்னும் வருந்தத்தக்கது. நினைவகத்தை மிச்சப்படுத்துவதாகக் கூறி, கணிப்பொறி தொடங்கும்போது தானாக இயங்கும் ஆட்டோஎக்ஸெக் கோப்பிலிருந்த, ஒரே கோப்பைப் பல நிரல்கள் பகிர்வதை ஒழுங்குபடுத்தும் ஷேர் கட்டளையை எங்களிடம் கேட்காமலே நீக்கிச் சென்றார். ஒரு நிரலில் உருவாக்கியதை மற்றொரு நிரலின் ஆவணத்தில் இணைக்க உதவும் ஓஎல்இ 2 முறையைச் சார்ந்த வேர்டு 6.0 இந்தக் கணிப்பொறியில் ஷேர் இல்லாமல் இயங்காது. ஒரு மாணவி ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டிய காலையில் வேர்டு திறக்க மறுத்துவிட்டது. ஃபிளாப்பியில் இருந்த ஆட்டோஎக்ஸெக் கோப்பின் பழைய நகலைப் பார்த்து, /எல்:500 /எஃப்:5100 என்ற அளவுகளுடன் அந்த வரியை நாங்களே சேர்த்த பிறகே வேலை நடந்தது. அந்தப் பெண் பட்ட பதற்றத்துக்கு யார் பொறுப்பு?

எனவே கூடுதல் ரேமைத் திரும்பப் பெற்றுக்கொண்டு அதன் விலையையும், இரு வருகைகளுக்கும் வாங்கிய சேவைக் கட்டணத்தையும் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். நினைவகம் போதவில்லை என்று எந்த வாடிக்கையாளர் சொன்னாலும், ரேம் விற்பதற்கு முன் சிஸ்டம் ரிசோர்சஸ் விழுக்காட்டைப் பார்க்கும்படி தங்கள் பொறியாளர்களுக்கு அறிவுறுத்த வேண்டும். ரசீதுகளின் நகல்களை இணைத்துள்ளேன். தங்கள் முடிவை எழுத்து மூலம் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பொறுப்பாளர்