குப்பியின் 28 நாள் சொட்டுக்குச் செல்லாது

ரோஸ் ஹில், மொரீசியஸ்
தை மாதம்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே காவடிக்கு விரதம் தொடங்கிவிட்டது. வெயிலும் புயல் பயமும் சேர்ந்து வரும் மாதம். டர்பனிலும் இதே புழுக்கம்தானே.

ஊசி இன்சுலினை நீர்த்துச் செய்யும் கண் சொட்டுக்கும், திறந்த இன்சுலின் குப்பிக்குத் தரும் 28 நாள் கெடுவையே லேபிளில் எழுதலாமா என்கிறாய். எழுதாதே. அந்தக் கணக்கு மி.லி.க்கு 100 யூனிட் உள்ள குப்பிக்கு உரியது. 10 மி.லி. செயற்கைக் கண்ணீரில் 0.1 மி.லி. விட்டு, மி.லி.க்கு 1 யூனிட் ஆக்கும்போது மருந்து மட்டுமா நூறில் ஒன்றாகிறது? மி.லி.க்கு ஏறக்குறைய 3 மி.கி. இருந்த மெட்டாகிரெசால் என்ற கிருமித்தடுப்பானும் 0.03 ஆகிவிடுகிறது. கிருமியைத் தடுத்ததும் அதுதான். துத்தநாகத்தோடு சேர்ந்து இன்சுலின் மூலக்கூறுகளை ஆறாறாகக் கட்டி வைத்ததும் அதுதான். கட்டு அவிழ்ந்தால் அவை காற்றுப் படும் பரப்பில் உருக்குலைந்து நார்நாராகத் திரளும். ஆகவே குலுக்காதே, மெல்லக் கவிழ்த்துக் கலந்தால் போதும்.

இன்னொரு திருடன் பாட்டிலின் சுவர். 1 யூனிட் என்பது சுமார் 35 மைக்ரோகிராம். அதில் கொஞ்சம் பிளாஸ்டிக்கில் ஒட்டினாலே பெரிய பங்கு போய்விடும். சொட்டோ கண்ணுக்குத் தெளிவாகவே இருக்கும். மி.லி.க்கு 25 யூனிட் சொட்டில் செய்த ஆய்வின் நாள்கணக்கை இதற்கு இரவல் வாங்காதே. பாட்டில் மாறினாலும் அதே கதைதான்.

வெறும் உப்புநீரில் கலப்பது எனக்குப் பிடிக்காது. அதில் அமிலநிலையை மாறாமல் காக்கும் பஃபர் இல்லை, அமில அளவான பி.எச். 5.3 பக்கம் இறங்கினால் இன்சுலின் வீழ்படிவாகும். பால்போல் கலங்கிய என்.பி.எச். வகை இன்சுலின் வேண்டவே வேண்டாம். சிரிஞ்சையும் பார்த்து எடு: நமக்கு வேண்டியது 10 யூனிட்; மி.லி.க்கு 40 யூனிட் எனக் கோடிட்ட சிரிஞ்சில் 10ஆம் கோடு வரை இழுத்தால் 0.25 மி.லி., அதாவது 25 யூனிட் வந்துவிடும்.

அமெரிக்க மருந்துத் தர நூலான பார்மகோபியாவின் 797ஆம் அத்தியாயம், சுத்த அறையில் கிருமியற்ற பொருள்களால் மட்டும் கலந்து, கிருமிச் சோதனை செய்யாததற்கு ஃபிரிட்ஜில் 10 நாள் தருகிறது. அது உச்சவரம்பு. கிருமித்தடுப்பான் இல்லாத சொட்டென்றால் திறந்தபின் குளிரிலேயே 72 மணி நேரம்தான். சின்னச் சின்ன பாட்டிலாக அடிக்கடி செய்துகொடு, நோயாளி முணுமுணுத்தாலும் பரவாயில்லை.

ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் வைக்கச் சொல். பின்சுவரை ஒட்டினால் உறைந்துபோகும், கதவில் வைத்தால் சூடேறும். உறைந்ததை உருக்கிப் பயன்படுத்தக் கூடாது. மின்வெட்டு நேரத்தில் கதவைத் திறக்காமல் இருப்பதே பாதி வேலை.

அடுத்த முறை வரும்போது மோக்காவுக்குப் போவோம். அங்குள்ள கண் மருத்துவமனைக்கு பாரதியார் பெயர் என்றால் நீ நம்பவில்லையே, பலகையையே காட்டுகிறேன்.

உன் பழைய நண்பன்